உயிரியல் தேர்வு முடிந்து விடைகளை ஒப்பிடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்குறி வகை உயிரியல் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் யாராவது ஒருவர் "அந்த நிறக்குருடு கேள்விக்கு என்ன போட்டே?" என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அரைமணி நேரத்துக்கு அங்கிருந்து யாரும் நகர மாட்டார்கள். உயிரியல் சொல்லித்தரும் என்னிடம் வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

விடைகளை ஒப்பிடுவது விதிமீறலா?

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. இந்தியாவின் நீட் போன்ற தேர்வுகளில் விடைகளைக் குறிக்கும் ஓஎம்ஆர் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு கேள்வித்தாளைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அங்கே தாராளமாகப் பேசலாம். அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி உயிரியல் தேர்வில் நிலைமை நேரெதிர். கொள்குறிக் கேள்விகளைப் பற்றி யாரிடமும், எப்போதும் பேசக்கூடாது என்பது விதி. அந்தக் கேள்விகள் பின்னால் மறுபடி பயன்படலாம் என்பதால்தான் இந்தக் கெடுபிடி. உங்கள் தேர்வின் விதிமுறைத் தாளை ஒருமுறை படித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

ஒரே தேர்வு பல வேளைகளாக நடக்கிறது என்றால் இன்னும் கவனம் தேவை. அடுத்த வேளையில் எழுதப்போகிறவரிடம் "இது வந்தது, அது வந்தது" என்று சொல்வது கேள்விக் கசிவு. நல்லெண்ணத்தில் சொன்னேன் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை.

23ஆம் கேள்விக்கு நண்பன் 'சி' என்கிறான், நான் 'ஏ' போட்டிருக்கிறேன். யார் தப்பு?

பெரும்பாலும் இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். கேள்வித்தாள்கள் பல வரிசைகளில் அச்சாகின்றன. உங்கள் 23 அவருக்கு 41 ஆக இருக்கும். சில தேர்வுகளில் விடைகளின் வரிசையும் மாறும். எண்ணையும் எழுத்தையும் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கேள்வியின் வாக்கியத்தையும் விடையின் வாக்கியத்தையும் சொல்லி ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, "பின்வருவனவற்றுள் எது சரியல்ல" என்று கேட்டிருந்ததை ஒருவர் "எது சரி" என்று நினைவில் வைத்திருப்பார். பாதிச் சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன. கையில் கேள்வித்தாள் இல்லாமல் நினைவை வைத்து வாதாடினால் முடிவே வராது.

எல்லோரும் ஒரே விடை போட்டிருக்கிறார்கள், நான் மட்டும் வேறு. அப்படியானால் என்னுடையது தப்புதானே?

அவசியமில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கொள்குறிக் கேள்வியை எழுதுகிறவர் சரியான விடையை எழுதுவதைவிடத் தவறான மூன்றை எழுதத்தான் அதிகம் யோசிப்பார். அரைகுறையாகப் படித்தவர் எங்கே சறுக்குவார் என்று பார்த்து, அதே இடத்தில் தூண்டிலைப் போடுவார். ஆகவே நன்றாக எழுதப்பட்ட ஒரு கடினமான கேள்வியில் பத்துப் பேர் ஒரே விடைக்குப் போயிருக்கிறார்கள் என்றால், அது சரியான விடையாக இருக்கலாம், எல்லோரும் சேர்ந்து கடித்த தூண்டிலாகவும் இருக்கலாம். தலைகளை எண்ணி இரண்டையும் பிரித்தறிய முடியாது.

உயிரியலில் இந்தத் தூண்டில்கள் எங்கே இருக்கும் என்பது ஏறக்குறையத் தெரிந்ததுதான். தமனி என்றால் ஆக்சிஜன் உள்ள இரத்தம் என்று மனப்பாடம் செய்தவர் நுரையீரல் தமனியில் விழுவார். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவதுதான் தமனி. நுரையீரல் தமனி கொண்டுபோவது ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை. செல் குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸில் நிகர ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) எத்தனை என்றால் நான்கு என்று போடுவார்கள். உருவாவது நான்கு, செலவானது இரண்டு, நிகரம் இரண்டு. "நிகர" என்ற ஒரே சொல்லில் மதிப்பெண் போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தூண்டில் பரிணாமத்தில். "மருந்து கொடுத்ததால் பாக்டீரியாக்கள் தங்களைத் தகவமைத்து எதிர்ப்புத்திறனை வளர்த்துக்கொண்டன" என்ற விடை அவ்வளவு இயல்பாக ஒலிக்கும்! ஆனால் எதிர்ப்புத்திறனைத் தரும் மரபணுத் திடீர்மாற்றம் மருந்தின் தேவைக்காகத் தோன்றுவதில்லை. மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் சிலவற்றிடம் அது இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றை மிச்சம் வைக்கிறது. 1943இல் விஞ்ஞானிகள் லூரியாவும் டெல்ப்ருக்கும் பாக்டீரியாக்களையும் அவற்றைத் தாக்கும் வைரஸ்களையும் வைத்துச் செய்த சோதனை காட்டியது இதைத்தான். கூட்டத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் "முன்பே இருந்த மாறுபாடு இயற்கைத் தேர்வுக்கு உள்ளானது" என்று போட்டிருந்தால், தனியாக நிற்பதற்காகக் கவலைப்படாதீர்கள்.

அப்படியானால் யார் சொல்வது சரி என்று எப்படித்தான் முடிவு செய்வது?

"நீ என்ன போட்டே" என்பதோடு நிறுத்தாமல் "மற்ற மூன்றும் ஏன் இல்லை" என்று கேளுங்கள். மூன்றையும் காரணத்தோடு தள்ளிவிட முடிகிறவர் பேச்சுக்கு எடை அதிகம். "சார் வகுப்பில் சொன்னார்" என்பது காரணம் ஆகாது. வகுப்பில் முதலிடம் வாங்குகிறவர் சொன்னால் கேள்வி கேட்காமல் தலையாட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அவருக்கும் அன்றைக்கு மூன்று மணி நேரம்தான் இருந்திருக்கும், பதற்றமும் இருந்திருக்கும்.

அதிகம் சண்டை வரும் கேள்விகள் எவை?

மரபியல் கணக்குகள். அதில் சந்தேகமே இல்லை. கணக்கில் தப்பு வருவதை விட, கேள்வி யாரைப் பற்றிக் கேட்கிறது என்பதில்தான் அதிகம் தப்பு வரும்.

நிறக்குருடான தந்தைக்குப் பிறந்த, இயல்பான பார்வையுள்ள பெண், இயல்பான பார்வையுள்ள ஆணை மணக்கிறாள். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை நிறக்குருடாக இருக்கும் வாய்ப்பு என்ன? கால் பங்கு. பிறக்கும் மகன் நிறக்குருடாக இருக்கும் வாய்ப்பு என்ன? அரைப் பங்கு. தாய் கடத்தி (குறை தன்னிடம் வெளிப்படாமல் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்) என்பதால் அவளது மகன்களில் பாதிப் பேருக்கு அந்த எக்ஸ் குரோமோசோம் போகும். ஆனால் எல்லாக் குழந்தைகளையும் கணக்கில் எடுத்தால் மகள்களும் வந்துவிடுகிறார்கள், அவர்கள் யாரும் நிறக்குருடாக இருக்க மாட்டார்கள். கால், அரை என்று இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்பவர்கள், கேள்வியில் இருந்தது "குழந்தை"யா "மகன்"ஆ என்று பார்த்துவிட்டாலே போதும்.

இதற்கு அண்ணன் ஒரு கேள்வி உண்டு. இயல்பான பெற்றோருக்கு அல்பினிசம் (நிறமி இல்லாத பரம்பரைக் குறை) உள்ள ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. அவர்களது இன்னொரு குழந்தை இயல்பாக இருக்கிறது. அந்தக் குழந்தை கடத்தியாக இருக்கும் வாய்ப்பு? அரை என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள், ஏனென்றால் 1:2:1 விகிதத்தில் நடுவில் இருப்பது பாதி. ஆனால் குழந்தை இயல்பானது என்று கேள்வியே சொல்லிவிட்டது. அதனால் அல்பினிசம் உள்ள கால்பங்கு ஆட்டத்திலேயே இல்லை. மிச்சமிருக்கும் மூன்றில் இரண்டு கடத்திகள். விடை மூன்றில் இரண்டு.

ஒரு கூட்டத்தில் மரபணு வடிவங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்க்கும் ஹார்டி–வீன்பெர்க் கணக்கும் அதே ரகம். ஒரு கூட்டத்தில் 16 சதவீதத்தினரிடம் ஒடுங்கு பண்பு தெரிகிறது, கலப்பினர் (ஓங்கு, ஒடுங்கு இரண்டு வடிவமும் உள்ளவர்கள்) எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 0.16இன் வர்க்கமூலம் 0.4. அது ஒடுங்கு அல்லீலின் (மரபணு வடிவத்தின்) நிகழ்வெண். மிச்சம் 0.6 ஓங்கு அல்லீலுக்கு. அதோடு நிறுத்தியவர் 40 என்று போடுவார், அந்த 40 விடைகளில் கட்டாயம் இருக்கும். நூறிலிருந்து 16ஐக் கழித்தவர் 84 போடுவார், அதுவும் இருக்கும். சரியானது 2 × 0.6 × 0.4, அதாவது 48 சதவீதம். இந்தக் கேள்விக்கு நண்பர் என்ன போட்டார் என்று தெரிந்தால், எந்தப் படியில் நின்றுவிட்டார் என்றே சொல்லிவிடலாம்.

அடுத்தது மியாசிஸ், அதாவது இனச்செல்களை உண்டாக்கும் குன்றல் பகுப்பு. உடல் செல்லில் 8 குரோமோசோம்கள் உள்ள விலங்கில், முதல் பகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் எத்தனை குரோமோசோம்கள்? நான்கு. எத்தனை குரோமாட்டிட்கள் (இரட்டித்த குரோமோசோமின் இழைகள்)? எட்டு. அந்த இழைகள் ஒட்டியிருக்கும் சென்ட்ரோமியரை எண்ணினால் குரோமோசோம் எண்ணிக்கை வந்துவிடும் என்ற ஒரு வழியைப் பிடித்துக்கொண்டால் இதில் குழப்பம் வராது. "எண்ணிக்கை பாதியாவது முதல் பகுப்பிலா இரண்டாவதிலா" என்று சண்டை போடுகிறவர்களுக்கும் அதே பதில்தான்: முதல் பகுப்பில் ஜோடிகள் பிரிகின்றன, எண்ணிக்கை அங்கேயே பாதியாகிவிட்டது.

டிஎன்ஏ கேள்விகளில் எந்த இழை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். குறியீட்டு இழை என்றால் தைமினை யூராசிலாக மாற்றினாலே எம்ஆர்என்ஏ கிடைத்துவிடும். வார்ப்புரு இழை என்றால் ஒவ்வொரு காரத்துக்கும் இணையை எழுத வேண்டும், முனைகளின் திசையும் எதிராகும். அடினைனும் தைமினும் சமம், குவானைனும் சைட்டோசினும் சமம் என்ற சார்காஃப் விதிக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. அடினைன் 30 சதவீதம் என்றால் குவானைன் 20 சதவீதம் என்பது இரட்டை இழை டிஎன்ஏவுக்குத்தான் பொருந்தும். ஒற்றை இழை டிஎன்ஏ கொண்ட வைரஸைக் கொடுத்திருந்தால் "கணக்கிட முடியாது" என்பதே விடை.

ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 36ஆ, 32ஆ, 30ஆ?

நான்குமே பாடநூல்களில் இருந்தவை, இருப்பவை. எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறுகளில் ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3, ஒரு எஃப்ஏடிஹெச்2வுக்கு 2 என்று கணக்குப் போட்ட பழைய நூல்களில் 38 வரும். கிளைக்காலிசிஸில் உண்டான என்ஏடிஹெச்சின் எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்லும் வழி செலவு பிடிப்பதாக இருந்தால் 36. இப்போதைய அளவீடுகளின்படி அவை 2.5, 1.5 என்று கொள்ளப்படுகின்றன. பத்து என்ஏடிஹெச்சுக்கு 25, இரண்டு எஃப்ஏடிஹெச்2வுக்கு 3, நேரடியாக உருவானவை 4, ஆக 32. உள்ளே கொண்டுசெல்லும் வழியைப் பொறுத்து 30.

உங்கள் தேர்வு எந்தப் பாடநூலை ஆதாரமாகக் கொள்கிறதோ அதிலுள்ள எண்தான் உங்களுக்கு விடை. நண்பர் வேறு பாடத்திட்டத்தில் படித்தவர் என்றால் விவாதத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

முதலில் போட்டது சரி, கடைசியில் மாற்றித் தொலைத்தேன். இனி முதல் விடையை மாற்றவே கூடாது, இல்லையா?

அந்த முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். 2005இல் ஜஸ்டின் க்ரூகர், டெரிக் விர்ட்ஸ், டேல் மில்லர் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 1,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களைப் பார்த்தார்கள். மாற்றங்களில் ஏறக்குறையப் பாதி தவறிலிருந்து சரிக்கு. சரியிலிருந்து தவறுக்குப் போனவை சுமார் கால்பங்கு. மிச்சம் தவறிலிருந்து இன்னொரு தவறுக்கு.

பிறகு ஏன் எல்லோரும் "மாற்றாதே" என்கிறார்கள்? கையில் இருந்த சரியான விடையைத் தானே அழித்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். மாற்றியதால் கிடைத்த மதிப்பெண்ணை யாரும் நினைவில் வைப்பதில்லை. தேர்வுக்குப் பின் விடைகளை ஒப்பிடும்போது பேசப்படுவதும் புலம்பல்கள்தான். "மாற்றினேன், தப்பித்தேன்" என்று யாரும் கூட்டத்தில் சொல்லிக் கேட்டதில்லை.

தொடர்ந்து ஐந்து கேள்விக்கு 'பி' வந்துவிட்டது. அப்படி வருமா?

வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இப்போதே கூட்டிப் பார்த்தால் என் மதிப்பெண் தெரிந்துவிடுமா?

ஒரு வரம்பு தெரியும், எண் தெரியாது.

முதலில் மதிப்பெண் முறையைப் பாருங்கள். நீட்டில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். உயிரியலில் 90 கேள்விகள், 360 மதிப்பெண்கள். 70 சரி, 15 தவறு, 5 விட்டுவிட்டீர்கள் என்றால் 280இல் 15 போக 265. ஏபி உயிரியலில் தவறுக்குக் குறைப்பு கிடையாது. ஆனால் 60 கொள்குறிக் கேள்விகளும் சேர்ந்து பாதி மதிப்பெண்தான், மறுபாதி ஆறு விரிவான விடைகளுக்கு.

கேள்விகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நிச்சயம் சரி, நிச்சயம் தவறு, சண்டையில் இருப்பவை. மூன்றாவது குவியல் முழுக்கத் தவறு என்று வைத்து ஒரு கூட்டல், முழுக்கச் சரி என்று வைத்து ஒரு கூட்டல். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோதான் இருக்கிறீர்கள். தவறுக்கு மதிப்பெண் குறையும் தேர்வு என்றால் ஒரே கேள்வி சரியிலிருந்து தவறுக்குப் போவதில் 4 அல்ல, 5 மதிப்பெண் வித்தியாசம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பல வேளைகளாக நடக்கும் தேர்வுகளில் கதை வேறு. கடினமான தாள் எழுதியவரும் எளிதான தாள் எழுதியவரும் சமமாக நடத்தப்பட, மூல மதிப்பெண்ணை வேறொரு அளவுக்கு மாற்றுவார்கள். சில தேர்வுகளில் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகளும் கலந்திருக்கும், அவை எவை என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. நீங்கள் ராத்திரி தூங்காமல் வாதாடிய கேள்வியே அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

இணையத்தில் வந்த விடைக்குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. எதை நம்புவது?

அதிகாரபூர்வமானது வரும்வரை எதையும் முழுதாக நம்ப வேண்டாம். தேர்வு முடிந்த சில மணி நேரத்தில் வருபவை அவசரத்தில் போட்டவை. அவை ஒத்துப்போகும் கேள்விகளை விட்டுவிட்டு, முரண்படும் சிலவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்றாவது குவியல் தானாகவே தயாராகிவிடும்.

கேள்வியே தப்பாக இருக்கிறது என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

உயிரியலில் இது நடக்கும். விதிவிலக்குகள் நிறைந்த பாடம் இது. "எல்லா", "எப்போதும்" என்று எழுதினாலே யாராவது ஓர் உயிரியைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். பல தேர்வுகளில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, சில நாள் அவகாசம் கொடுத்து, ஆட்சேபம் கேட்பார்கள். கட்டணமும் இருக்கலாம்.

ஆட்சேபத்தில் உங்கள் ஆதங்கத்துக்கு இடமில்லை. பரிந்துரைக்கப்பட்ட பாடநூலின் பக்கத்தைக் காட்டி, வெளியிட்ட விடை எந்த வரியோடு மோதுகிறது என்று நான்கு வாக்கியங்களில் எழுதுங்கள். பாடநூல் பதிப்பையும் பாருங்கள். பக்கத்துப் பாடத்தில் இது எவ்வளவு பெரிய விவகாரமானது என்று நினைவிருக்கும்: 2024 நீட் தேர்வில் ஓர் இயற்பியல் கேள்விக்கு, பழைய பதிப்பில் இருந்த ஒரு வாக்கியத்தை முன்னிட்டு இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களிடம் கருத்துக் கேட்டது, ஒரே விடைதான் சரி என்றார்கள், முடிவுகள் திருத்தப்பட்டன. முழு மதிப்பெண் வாங்கியவர்களின் பட்டியலே சுருங்கிப்போனது.

விரிவான விடைகளை எப்படி ஒப்பிடுவது? நான் எழுதியதும் அவள் எழுதியதும் வேறு வேறு.

வேறாக இருப்பதால் ஒன்று தவறு என்றாகாது. திருத்துகிறவர் கருத்துப்புள்ளிகளைத்தான் தேடுவார். செல் சுருங்கியதற்கு "நீர் வெளியேறியது" என்று ஒருவரும், "வெளியே நீரியல் திறன் குறைவு, அதனால் சவ்வூடு பரவலில் நீர் வெளியேறியது" என்று இன்னொருவரும் எழுதியிருந்தால், "குறிப்பிடுக" என்ற கேள்விக்கு இரண்டும் போதும். "விளக்குக" என்றால் இரண்டாவதற்குத்தான் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆக, ஒப்பிட வேண்டியது கேள்வியின் வினைச்சொல்லையும் அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதையும்.

சோதனை வடிவமைப்புக் கேள்வி என்றால் எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், எதை மாறாமல் வைத்தார்கள், கட்டுப்பாட்டுக் குழு எது என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துக்கொண்ட செடி அவரையா கத்திரியா என்பது பொருட்டே இல்லை.

நாளைக்கு வேறு பாடத் தேர்வு இருக்கிறது. இன்றே ஒப்பிடலாமா?

வேண்டாம். முடிந்த தாளில் இனி ஒரு மதிப்பெண்ணும் ஏறாது, நாளைய தாளில் குறைய வாய்ப்பிருக்கிறது.

எனக்கு ஒப்பிடவே பிடிக்கவில்லை. நண்பர்கள் விட மாட்டேன் என்கிறார்கள்.

"முடிவு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை வாசலுக்குள் நுழைந்ததும் "எத்தனை தப்பு?" என்று கேட்காமல் இருந்தால் நல்லது. அவர்களே சொல்வார்கள், கொஞ்சம் நேரம் ஆகும்.

ஒப்பிட்டு முடித்தாயிற்று. சண்டையில் இருந்த கேள்விகளை என்ன செய்வது?

எழுதி வையுங்கள், முக்கியமாக மறுமுறை எழுதும் எண்ணம் இருப்பவர்கள். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் தேறும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீங்கள் போட்ட விடை, அதை ஏன் போட்டீர்கள் என்ற காரணம் இரண்டையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் விடை நினைவிருக்கும், காரணம் மறந்துவிடும். இறுதி விடைக்குறிப்பு வந்ததும், விடை சரியாக இருந்த கேள்விகளிலும் காரணத்தைச் சரிபாருங்கள். தப்பான காரணத்தால் சரியான விடைக்குப் போன கேள்விகள் இரண்டு மூன்றாவது அதில் சிக்கும். அவற்றுக்கு மதிப்பெண் வந்திருக்கும், அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை கேள்வியை லேசாகத் திருப்பிக் கேட்டால் முதலில் போவது அவைதான்.